பிரபஞ்சம் முழுவதும்

கதை பிடித்துக் கொடுப்பது என் தொழில்.
கதைக்கு நாலாயிரம்.
பெங்களூரிலிருந்து போனில் கேட்பார்கள்:
கஷ்டம் வேண்டும், முகத்தில் ரொம்பத் தெரியக் கூடாது.
வீடு சின்னதாக இருக்கட்டும்,
ஜன்னல் மட்டும் கிழக்கே பார்த்து.

சோமனூரில் மயிலாத்தாள் அக்கா கிடைத்தார்.
சொந்தமாய் ஆறு தறி இருந்தது ஒரு காலம்.
கூலி பேசி முடியாமல் ஊரே நின்ற வருசம்
ஆறையும் எடைக்குப் போட்டுவிட்டு
இப்போது அடுத்தவர் ஷெட்டில் ராத்திரி ஷிஃப்ட்.
மகள் நர்சிங் முடித்துவிட்டாள்.
இதில் செல்போன் எங்கே வருகிறது என்றேன்.
"வந்துடும்" என்றார் டைரக்டர்.

தறிச் சத்தம் இடைஞ்சல் என்று தறியை நிறுத்தினார்கள்.
(பிற்பாடு வேறெங்கோ பதிந்த தறிச் சத்தத்தைப் போட்டுக்கொண்டார்கள்.)
ஜெனரேட்டர் சத்தமும் இடைஞ்சல்,
ஷெட்டு கரண்டிலேயே எரிந்தன பெரிய லைட்டுகள்.

"சோகமா ஏதாச்சும் நெனைங்கம்மா."
அக்கா நினைத்தார்.
எதை என்று எனக்குத் தெரியும், நான்தானே கேட்டு எழுதியவன்:
லாரி வந்து நின்றபோது
அஞ்சாம் தறியில் பாதித் துணி பாவோடு கிடந்தது.
அறுத்துக் குடுங்க, நேரமாச்சு என்றான் பழைய இரும்புக்காரன்.
கத்தரி, வைத்த இடத்தில் இல்லை.
வீடு முழுக்கத் தேடியிருக்கிறார்
ஒரு கத்தரியை.

அழுதார். நிறுத்த முடியவில்லை.
மானிட்டரைப் பார்த்த டைரக்டர்
மூக்கு ஒழுகுது, இது வேண்டாம் என்றார்.

அப்போதுதான் கரண்ட் போனது.
லைட்டெல்லாம் பொட்டென்று செத்து
யாரோ வெள்ளைக் குடைமேல் தடுக்கி விழ,
ஜன்னல் வெளிச்சத்தில் அக்கா சிரித்தார் பாருங்கள்,
"ஏனுங்க, எங்க வூட்டுக் கரண்டு
ஆளு பாத்தெல்லாம் போகாதுங்க!"

கேமரா பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் ஒரு பையன் வந்து
அக்கா கையிலிருந்த போனை வாங்கி
துணியால் துடைத்து
டப்பாவில் வைத்தான்.
நான் தாளை நீட்டினேன்.
எல்லா ஊடகங்களிலும், எல்லாக் காலத்துக்கும்,
பிரபஞ்சம் முழுவதும் என்று இருந்தது இங்கிலீஷில்.
"என்னுங் தம்பி போட்டிருக்குது?"
"சும்மா சம்பிரதாயமுங்கக்கா."
பெயரை முழுசாக எழுதினார், இனிஷியலோடு.

கருமத்தம்பட்டி பேக்கரியில்
ரெண்டு ஓவருக்கு நடுவில் அதைப் பார்த்தேன்.
மயிலாத்தாள் போனைப் பார்க்கிறார், சிரிக்கிறார்.
கனவுக்கு ஒரு தொடுதல் போதும் என்கிறது ஒரு குரல்,
அக்கா குரல் இல்லை,
ஒரு இடத்திலும் "ங்க" கிடையாது.
பக்கத்தில் பப்ஸ் தின்றுகொண்டிருந்தவர்
கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
எனக்கும் என்னவோ செய்தது, அதை மறைக்கவில்லை.

அன்று ராத்திரியே கூப்பிட்டார்.
"தம்பி, அது கரண்டு போனப்பச் சிரிச்சதுதானுங்?"
"ஆமாங்கக்கா."
"அதான பாத்தேன்.
போனைப் பாத்து நான் எப்பச் சிரிச்சேன்னு
மத்தியானத்துலிருந்து ரோசனை."
பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, எட்டும்.
"குழுக் கடன் வசூலுக்கு வந்த பையன் கேக்கறான்,
டிவியிலயெல்லாம் வர்றீங்க,
ரெண்டு தவணைய ஒண்ணாக் கட்டிருங்கங்கறான்.
நீங்களே சொல்லுங், என்னத்தச் சொல்றது?"
நூல் அறுந்திருக்க வேண்டும்.
சித்தெ இருங்க என்று போனவர்
திரும்பி வரவில்லை.

காலையில் பெங்களூர்.
"அடுத்தது மருந்தடிக்கிற டிரோன்.
கையில்லாத விவசாயி யாராவது,
உடுமலைப் பக்கம்?"

"ஒரு கையா, ரெண்டு கையுமா சார்?" என்றேன்.

சொன்ன பிறகுதான்
எனக்கே காதில் விழுந்தது.
அந்தப் பக்கம் கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.
நான் லைனிலேயே இருந்தேன்.